லினக்ஸ் கெர்னலும் ஒரு மாணவர் மன்றமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “இருபது நிமிஷம் பேசுங்க. எதைப் பத்தி வேணும்னாலும் பேசுங்க. தன்னம்பிக்கையைப் பத்தி மட்டும் வேண்டாம். மூணு வருஷமா அதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்” என்றார். ஆகவே எனக்குத் தெரிந்த தொழிலைப் பற்றியே பேசுகிறேன். நான் 2010-இல் இங்கே கணிப்பொறி அறிவியல் முடித்தவன். சொந்த ஊர் புதூர். சென்னையில் நெட்வொர்க் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு. பேச எடுத்துக்கொண்ட பொருள், லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கெர்னலுக்குள் நெட்வொர்க் மென்பொருள் எப்படி வந்தது, அதை எப்படிப் புதுப்பித்தார்கள், அதில் நமக்கு என்ன வேலை என்பது. கடைசியில் உங்களிடம் ஒரு விண்ணப்பமும் வைக்கப்போகிறேன். அதனால் பாதியில் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்து போய்விடாதீர்கள்.

கடலையும் பருப்பும்

மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் இருப்பதால் முதலில் ஒரு விளக்கம். கெர்னல் என்றதும் மீசை வைத்த பட்டாளத்து அதிகாரியை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் கர்னல். இது கெர்னல், அதாவது பருப்பு. கோவில்பட்டிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். கடலையை உடைத்தால் வெளியே தோடு, உள்ளே பருப்பு. நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் வெளிப்பகுதிக்கு யூனிக்ஸ் உலகில் ஷெல், அதாவது தோடு, என்றே பெயர். உள்ளே இருந்து நினைவகத்தைப் பங்கு போடுவது, வட்டில் எழுதுவது, நெட்வொர்க் கார்டோடு பேசுவது எல்லாம் பருப்பின் வேலை. தோட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பருப்பில் கை வைத்தால் இயந்திரமே எழுந்திருக்காமல் போகலாம். அதனால்தான் அதைத் தொட எல்லோருக்கும் பயம்.

1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தப் பருப்பை எழுதி, மூல நிரலோடு உலகத்துக்குக் கொடுத்தார். முதல் பதிப்பில் நெட்வொர்க் கிடையாது.  

அடுத்த ஆண்டு, 1992-இல், ராஸ் பைரோ என்பவர் முதல் நெட்வொர்க் நிரலை எழுதினார். பின்னால் அதற்கு நெட்-1 என்று பெயர் வந்தது. அப்போது பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யூனிக்ஸில் நன்றாக ஓடும் டிசிபி/ஐபி நிரல் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளாமல் ஏன் புதிதாக எழுதினார்கள் என்று கேட்கலாம். அந்த பிஎஸ்டி நிரல் அப்போது அமெரிக்க நீதிமன்றத்தில் உரிமை வழக்கில் சிக்கியிருந்ததும் ஒரு காரணம்.

1993 மே மாதம் பைரோ ஒதுங்கிக்கொள்ள, ஃபிரெட் வான் கெம்பன் என்பவர் பொறுப்பேற்றுப் பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார். அது நெட்-2. அந்தக் கோடையில் 0.99.10 கெர்னலோடு வெளிவந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பயன்படுத்தியவர்களுக்கு அடிக்கடி இயந்திரம் உறைந்து நின்றது.

கிளப்பின் கணிப்பொறி

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்த ஆள் வருகிறார். ஆலன் காக்ஸ், பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் உள்ள ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். அங்கே கம்ப்யூட்டர் சொசைட்டி என்று ஒரு மாணவர் மன்றம் உண்டு. நம் துறையில் அசோசியேஷன் இருக்கிறதே, அது மாதிரி. மன்றத்துக்குச் சொந்தமான கணிப்பொறி ஒன்றில் அவர் லினக்ஸைப் போட்டார். அது நெரிசலான நெட்வொர்க்கில் மாட்டியிருந்த இயந்திரம். வீட்டில் ஒற்றையாக ஓடும்போது தெரியாத பிழைகள் எல்லாம் அங்கே ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் திருத்தினார். திருத்தியதை மற்றவர்களுக்கு அனுப்பினார். மறுபடி பிழை வந்தது, மறுபடி திருத்தினார்.

முதலில் அந்தத் திருத்தங்களுக்கு ‘நெட்2டீபக்டு’, அதாவது பிழை நீக்கிய நெட்-2, என்று பெயர். இருப்பது ஒழுங்காக ஓடட்டும், அழகுபடுத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அவர் போக்கு. 1994 மார்ச்சில் லினக்ஸ் 1.0 வெளியான பிறகு அதை நெட்-3 என்று அழைத்தார்கள். 1995-இல் வந்த 1.2, 1996-இல் வந்த 2.0 இரண்டிலும் ஓடியது நெட்-3.

இன்னொரு செய்தி. லினக்ஸ் 2.0 போட்ட கணிப்பொறியைத் திறந்தால் கடகடவென்று வரிகள் ஓடும். அதில் ஒரு வரி: ‘ஸ்வான்சீ யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் சொசைட்டி நெட்3.035 ஃபார் லினக்ஸ் 2.0’. நாசாவில் திறந்தாலும் அந்த வரிதான், மெட்ராஸில் திறந்தாலும் அந்த வரிதான். 1999-இல் 2.2 கெர்னலோடு நெட்-4 வந்தபோதும் ‘ஸ்வான்சீ மன்றத்தின் நெட்3.039-ஐ அடிப்படையாகக் கொண்டது’ என்று நன்றியோடு எழுதியே வெளியிட்டார்கள். ஒரு கல்லூரி மாணவர் மன்றத்தின் பெயர் உலகம் முழுக்க எத்தனை திரைகளில் ஓடியிருக்கும், யோசித்துப் பாருங்கள்.  ஒரு கணிப்பொறி இருந்தது. அதில் கை வைக்க அனுமதி இருந்தது.

புதுப்பிப்பது என்றால் என்ன?

இப்போது போனில் ‘அப்டேட்’ என்று வந்தால் தொட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். அன்றைக்கு நெட்-2 வைத்திருப்பவர் நெட்-3-க்கு மாற என்ன செய்தார் என்று சொல்கிறேன்.

முதலில் மூல நிரலைச் சம்பாதிக்க வேண்டும். 1.0 கெர்னலின் மொத்த நிரல் 1,76,250 வரிகள். சுருக்கிக் கட்டினால் 1.44 மெகாபைட் பிளாப்பி ஒன்றில் அடங்கிவிடும். திருத்தம் மட்டும் வேண்டுமென்றால் ‘பேட்ச்’ போதும். பேட்ச் என்பது பழைய சட்டைக்கு ஒட்டுப் போடுவதுதான். எந்தக் கோப்பில் எந்த வரியை எடுக்க வேண்டும், அந்த இடத்தில் எதைச் சேர்க்க வேண்டும் என்ற பட்டியல் அது.

பிறகு ‘மேக் கான்ஃபிக்’ என்று தட்டினால் கெர்னல் நம்மை நேர்முகத் தேர்வு செய்யும். டிசிபி/ஐபி வேண்டுமா? எந்த ஈதர்நெட் கார்டு? ஸ்லிப் வேண்டுமா, பிபிபி வேண்டுமா? ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்ல நம் பெட்டிக்குள் என்ன கார்டு இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கார்டுகளுக்கான டிரைவர்களில் பெரும்பாலானவற்றை எழுதியவர் டொனால்டு பெக்கர். அவர் நாசாவில் இருந்தபோது தாமஸ் ஸ்டெர்லிங்குடன் சேர்ந்து, 1994-இல் சாதாரண 486 கணிப்பொறிகள் 16-ஐ ஈதர்நெட்டில் பிணைத்து ‘பியோவுல்ஃப்’ என்ற கூட்டுக் கணிப்பொறியை உருவாக்கியவர்.

அதற்குப் பிறகு ‘மேக் டெப்’, ‘மேக் இசட்-இமேஜ்’. நினைவகம் குறைந்த 386 இயந்திரத்தில் இதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். போட்டுவிட்டுச் சாப்பிட்டு வரலாம். கிடைத்த புதிய கெர்னலை உரிய இடத்தில் வைத்து, ‘லைலோ’ என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும். இதைக் கொடுக்காவிட்டால், புதிதாகச் செய்ததெல்லாம் வட்டில் சும்மா கிடக்கும், பழைய கெர்னலே எழுந்து வரும். பழையதை அழிக்காமல் வேறு பெயரில் வைத்திருப்பது கட்டாயம். புதியது படுத்துவிட்டால் திரும்பி வர வழி வேண்டுமே.

அத்தோடு முடியவில்லை. கெர்னல் மாறினால் அதோடு பேசும் ‘நெட்-டூல்ஸ்’ கருவிகளும் பொருத்தமான பதிப்பாக இருக்க வேண்டும். புது மோட்டாருக்குப் பழைய ஸ்டார்ட்டர் பொருந்துகிறதா என்று பார்ப்பது போலத்தான்.

நம் நாட்டில் இது நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-இல்தான் மெட்ராஸ் உள்ளிட்ட சில பெருநகரங்களில் விஎஸ்என்எல் மூலம் வந்தது. மாணவர்களுக்குக் கிடைத்தது வெறும் எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்கு. லினக்ஸ் குறுந்தகடு பலருக்குக் கையில் கிடைத்தது 1996 முதல் ‘பிசி குவெஸ்ட்’ பத்திரிகையோடு வந்தபோதுதான். ஆக, ஸ்வான்சீயில் மாணவர்கள் திருத்திக்கொண்டிருந்தபோது நம் பக்கத்தில் அதைப் பார்க்கவே வழியில்லை. அது நம் குற்றம் அல்ல. ஆனால் இன்றைக்கு அந்தச் சாக்கும் இல்லை.

புதூரில் மூன்று நாள்

போன டிசம்பர் விடுமுறையில் நம் துறையின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஆறு பேரை ஊருக்கு வரச் சொன்னேன். தினமும் காலையில் கோவில்பட்டியில் பஸ் ஏறி, எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாகப் புதூர் வந்து சேர்ந்தார்கள். சாலையின் இருபுறமும் கரிசலில் மக்காச்சோளமும் உளுந்தும் பச்சைப் பிடித்திருந்த நேரம். எங்கள் வீட்டுத் திண்ணைதான் ஆய்வகம். கருவி, அவர்கள் வீட்டு அலமாரி மேல் தூங்கிக்கொண்டிருந்த அரசு இலவச மடிக்கணினிகள். 2011 முதல் பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, அவைதான். அண்ணனுக்கோ அக்காவுக்கோ கிடைத்தவை. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். அது சி-டாக் நிறுவனம் தயாரித்த நம் நாட்டு லினக்ஸ். பாதிப் பேர் அந்தப் பக்கம் திறந்தே பார்த்ததில்லை.

‘கியூஇமு’ என்ற மென்பொருள் ஒரு கணிப்பொறிக்குள் இன்னொரு பழைய கணிப்பொறி இருப்பதுபோல் நடித்துக் காட்டும். அதற்குள் 1.0 கெர்னல் போட்டோம். அந்த மடிக்கணினிக்கு அது ஒரு சுமையே இல்லை. பழைய கெர்னல்கள் அத்தனையும் கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் இன்றும் இருக்கின்றன. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

முதல் நாள் கார்டுக்கு முகவரி கொடுத்துவிட்டு ‘பிங்’ அடித்தார்கள். ‘நெட்வொர்க் அன்ரீச்சபிள்’ என்று வந்தது. “முகவரிதான் கொடுத்தாச்சே, அப்புறம் ஏன்ணே?” என்றாள் ஒரு தங்கை. வீட்டுக்குக் கதவு எண் போட்டாயிற்று, தெரு எங்கே என்று கேட்டேன். அந்தக் காலக் கெர்னலில் ‘ரூட்’ கட்டளை கொடுத்துப் பாதையையும் நாமே சொல்ல வேண்டும். 2.2-இலிருந்துதான் பக்கத்து நெட்வொர்க்குக்கான பாதையைக் கெர்னலே சேர்த்துக்கொள்கிறது. ரூட்டிங் டேபிள் பற்றி பத்து மதிப்பெண் கேள்விக்குப் பதில் எழுதிய பிள்ளைகள்தான். அன்றைக்குத்தான் அது ஏன் இருக்கிறது என்று புரிந்தது என்றார்கள்.

இரண்டாம் நாள் 1.2 கெர்னலைத் தொகுத்து ஏற்றினார்கள். மூன்றாவது முயற்சியில் எழுந்தது. திரையில் ஸ்வான்சீ மன்றத்தின் பெயர் வந்தபோது ஆறு பேரும் கைதட்டினார்கள். உள்ளே சமையல்கட்டிலிருந்து என் அம்மா “என்னப்பா, கிரிக்கெட்டா?” என்று எட்டிப் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் இன்றைய கெர்னலின் ‘டிசிபி டாட் சி’ கோப்பைத் திறந்தோம். கெர்னல் இன்று 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ஆனாலும் அந்தக் கோப்பின் தலைப்பில் ராஸ் பைரோ, ஃபிரெட் வான் கெம்பன், ஆலன் காக்ஸ் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அடுத்தடுத்து வந்தவர்கள் நிரலை மாற்றினார்கள், பெயரை எடுக்கவில்லை. உங்கள் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் கெர்னலிலும் அந்தக் கோப்பு உண்டு.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. இதனால வேலை கிடைக்குமா?” நியாயமான கேள்வி. வீட்டில் கடன் வாங்கிப் படிக்கும் பிள்ளை கேட்கத்தான் செய்வான். லினக்ஸ் 1.2 தெரியுமா என்று எந்தக் கம்பெனியும் கேட்காது என்பதை ஒளிக்காமல் சொன்னேன். ஆனால் நான் ஆளெடுக்க உட்காரும்போது கேட்பது ஒரே கேள்விதான். ஓடாத ஒன்றை நீ எப்படி ஓட வைத்தாய்? அதற்குச் சொந்தப் பதில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. இந்த ஆறு பேருக்கும் இப்போது ஒரு பதில் இருக்கிறது.

கரிசலில் தேங்கிய தண்ணீர்

இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை, நம்மால் ஆகுமா என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. மங்களூருக்குப் பக்கத்தில் சூரத்கல் என்.ஐ.டி. இருக்கிறது. அங்கே பேராசிரியர் மோஹித் தஹிலியானியும் அவரது மாணவர்களும் எழுதிய ‘எஃப்கியூ-பை’ என்ற நிரல் 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 கெர்னலில் சேர்க்கப்பட்டது. கோப்பின் தலைப்பில் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன.

அது என்ன வேலை செய்கிறது என்பதை நம் ஊர் பாஷையில் சொல்கிறேன். மானாவாரி விவசாயத்தில் மழைக்குத்தான் ஏங்குவோம். ஆனால் கரிசலில் தண்ணீர் வடியாமல் தேங்கிவிட்டால் பருத்திக்கு வேர் அழுகிவிடும். நெட்வொர்க்கிலும் இதே கதைதான். வரும் பாக்கெட்டுகளைக் கீழே போடாமல் தேக்கி வைக்க ரவுட்டர்களில் பெரிய பெரிய வரிசை கட்டினார்கள். வீட்டில் ஒருவர் பெரிய வீடியோ அனுப்பினால் வரிசை நிறைந்துவிடும். அப்போது பக்கத்து அறையில் ஆன்லைன் வகுப்பு கேட்கும் பிள்ளையின் குரல் அந்த வரிசையின் கடைசியில் நிற்கும். லைன் வேகமாகத்தான் இருக்கும், பேச்சு மட்டும் திணறும். இதற்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர். வரிசையில் காத்திருக்கும் நேரத்தை அளந்து, நிறைந்து வழியும் முன்பே சிலவற்றைக் கைவிட்டு, அனுப்புகிறவரை மெதுவாக வரச் செய்வது ‘பை’ என்ற முறை. ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை கொடுத்து அதைச் செய்வது ‘எஃப்கியூ-பை’. வரப்பை வெட்டி வடிய விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சூரத்கல் பிள்ளைகளுக்குக் கொம்பா முளைத்திருக்கிறது? நம் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் நான் பார்த்தவரை ஒரு வித்தியாசம்தான். பருப்பைத் தொட்டுப் பார்க்க அவர்களுக்கு இடமும், கூட இருந்து வழிகாட்ட ஆளும் இருந்தது.

என் விண்ணப்பம்

நம் துறையின் பழைய ஆய்வகத்திலிருந்து 40 கணிப்பொறிகள் கழிக்கப்பட்டு மாடிப்படி அறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அடுத்த மாதம் ஏலம். எடைக்குப் போகும். அவற்றில் பத்தே பத்தை நிறுத்தி வைக்கும்படி முதல்வர் அவர்களைச் சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்போதைய ஆய்வகத்தில் மாணவர்களுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கொடுக்க முடியாது. அது சரியும்கூட. நாளைக் காலை செய்முறைத் தேர்வு என்றால் எல்லா இயந்திரமும் எழுந்தாக வேண்டும். ஆகவே கெட்டுப்போனால் யாரும் திட்டாத பத்து இயந்திரங்கள் தனியாக வேண்டும். கல்லூரி நெட்வொர்க்கில் இணைக்காமல், தங்களுக்குள் மட்டும் ஒரு சுவிட்சில் பிணைந்திருக்கட்டும். கெர்னலைத் தொகுக்கட்டும், ஏற்றட்டும், படுத்துவிட்டால் பழையதிலிருந்து எழுப்பட்டும். அறைச் சாவி மாணவர் அசோசியேஷன் கையில் இருக்கட்டும். சுவிட்சு, கேபிள், மாற்று வட்டுகள் இவற்றின் செலவை 2010 செட் நண்பர்கள் ஏற்றுக்கொள்வதாகக் காலையிலேயே சொல்லிவிட்டார்கள்.

முன்னாள் மாணவர்களிடம் நான் கேட்பது பணம் அல்ல, நேரம். நெட்வொர்க், எம்பெடெட், சிஸ்டம்ஸ் துறைகளில் இருப்பவர்கள் ஆண்டுக்கு இரண்டு சனிக்கிழமை வந்தால் போதும். வர முடியாதவர்கள் மாணவர் எழுதிய பேட்ச் ஒன்றைப் படித்து, இந்த வரி ஏன் சரியில்லை என்று பொறுமையாக நான்கு வரி எழுதி அனுப்பினால் போதும். கெர்னல் உலகில் முதல் பேட்ச் திரும்பி வருவது சகஜம். திரும்பி வந்ததைத் திருத்தி மறுபடி அனுப்பும் துணிச்சலை, பக்கத்தில் நிற்கும் ஓர் அண்ணனோ அக்காவோதான் கொடுக்க முடியும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பத்து இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். வீட்டு அலமாரி மேல் இருக்கும் மடிக்கணினியை இன்றைக்கு ராத்திரியே இறக்குங்கள். பழைய கெர்னல் ஒன்றை எடுத்துத் தொகுத்துப் பாருங்கள். ஓடாது. ஏன் ஓடவில்லை என்று எழுதி வையுங்கள். அடுத்த சனிக்கிழமை நான் வருவேன், அதைக் காட்டுங்கள்.

வாசல் பக்கத்து மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை தரக்கூடியவர்கள் பெயரையும் வசதியான மாதத்தையும் எழுதிவிட்டுப் பந்திக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.